விதைக்கு ஒரு காய்

2022இல் ரூபாய் வீழ்ந்து விலைவாசி ஏறியபோது, வீட்டுத்தோட்டம் செய்யுமாறு நாடெங்கும் குரல் எழுந்தது. நிலமிருந்தும், விதைக்குக் கடைவாசலிலே நின்றோம்.

நமது பாட்டிமார் அவ்வாறு நின்றதில்லை. நல்ல செடியிலே முதற்றரமான காயொன்றை விதைக்கென விட்டார்கள். கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். வெண்டி செடியிலேயே முற்றிக் காய வேண்டும். விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, போத்தலில் இறுக மூடிவைத்தால் அடுத்த மாரிக்கு முளைக்கும். கடையிற் கிடைக்கும் கலப்பின விதையின் வித்தோ தாய்ச்செடியை ஒத்து வராது. ஆகவே ஊர்விதையையே தேடுவோம்.

பெரியோர்களே, உங்களிடம் எஞ்சியுள்ள விதைகளை எங்களுக்குத் தாருங்கள். நறுவிலிக்குளத்தில் இவ்வாண்டு வீட்டுக்கொரு காயைப் பறியாது விடுவோம்.