கண்ணாடிக் கதவுக்கு வெளியே

தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியருக்குப் பொறுப்பு இரண்டு: கட்டிலில் இருப்பவர், வெளியே காத்திருக்கும் குடும்பம். கான்சாபுரம் போன்ற ஓர் ஊரிலிருந்து ஒருவரை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், வேன் நிறைய சொந்தபந்தம் கூடவே போகும். நோய்த்தொற்று அபாயத்தால் எல்லோரையும் உள்ளே விட முடியாது. “கஞ்சி குடிச்சாராம்மா?” என்று கேட்கும் மனைவியிடம், மூக்குக்குழாய் வழியே உணவு போகிறது என்று செவிலியர் பொறுமையாகச் சொல்லும் அந்த ஒரு நிமிடம் பெரிய ஆறுதல். அமெரிக்கச் செவிலியர் நான்சி மோல்ட்டர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், உறவினர்கள் முதலிடம் தந்த தேவை, நம்பிக்கைக்கு இடமிருக்கிறது என்ற உணர்வுதான். பதற்றத்தில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால், அவர்களைப் பாதுகாக்கும் தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனை உண்டு. குடும்பத்தில் ஒருவர் மட்டும் விவரம் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னால், செவிலியரின் நேரம் நோயாளிக்கே கிடைக்கும்.