பழியை யார்மேல் போடுவது?



2022 நவம்பரில் கனடாவில் ஒருவருடைய பாட்டி இறந்துபோனார். ஊருக்குப் போக அவர் ஏர் கனடா இணையதளத்தில் விமானச் சீட்டு தேடினார். அங்கே கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை, சாட்பாட் என்ற தானியங்கி நிரல்தான். ‘முழுக் கட்டணம் கட்டிவிடுங்கள், துக்கச் சலுகையை 90 நாளுக்குள் கேட்டு வாங்கலாம்’ என்றது அது. நம்பிக் கட்டினார். பிறகு கேட்டபோது, பயணத்துக்குப் பின் சலுகை கிடையாது, அதுதான் விதி என்று கையை விரித்தார்கள்.

வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனது. நிறுவனம் சொன்ன வாதத்தைக் கேளுங்கள்: சாட்பாட் தனி ஆள் மாதிரி, அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு!

தொடக்கநூலில் கேட்ட கதைதானே? ஆதாம் ஏவாளைக் கைகாட்டினான், ஏவாள் பாம்பைக் கைகாட்டினாள். பாவம், பாம்புக்குக் கைகாட்ட ஆளில்லை.

2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளியது. வட்டி, செலவு சேர்த்து சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது.

இயந்திரம் வைப்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. இரவு 11 மணிக்கு வரும் கேள்விக்கெல்லாம் எந்தக் கடைக்காரர் விழித்திருந்து பதில் சொல்வார்? ஆனால் திருத்தந்தை 14ஆம் லியோ தம் பெயருக்குக் காரணம் சொன்னபோது, 1891இல் தொழிலாளருக்காகச் சுற்றுமடல் எழுதிய 13ஆம் லியோவோடு செயற்கை நுண்ணறிவையும் சேர்த்தே குறிப்பிட்டார்.

தொழில் நடத்தும் அன்பர்களே, உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால், நேற்று அது அனுப்பிய பதில்களை இன்று இரவு திறந்து படியுங்கள். தவறாக ஏதும் சொல்லியிருந்தால், அந்த வாடிக்கையாளரை நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள்.