துண்டுச் சீட்டிலிருந்து இலங்கைக்கு விடுதலை வேண்டும்

(ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் தமிழகம் வந்த மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் சார்பில், பேரையூரில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



சர்க்கார் காகிதங்களில் எங்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். 1964 அக்டோபரில் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். ஆடு மாடுகளைப் பிரிப்பது போலப் பிரித்தார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது எங்கள் பாட்டன்மார் பிறந்த மண். ஆனால் நாங்கள் பிறந்தது இலங்கை மலைநாட்டில். எங்கள் உற்றார் உறவினர் இன்றும் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள். ஆகவே, அந்த நாடு சுபிட்சமடைய வேண்டுமென்று விரும்ப எங்களுக்கு உரிமை உண்டு. அது எப்படிச் சுபிட்சமடையும் என்று சொல்லவும் உரிமை உண்டு.

எங்கள் பாட்டன்மார் கடல் கடந்தது எப்படி? மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களில் மழை பொய்த்து, கிஸ்தி கட்ட வழியற்றுக் கிடந்தபோது கங்காணி வந்தான். முன்பணம் கொடுத்தான். வழிச் செலவு, சோற்றுச் செலவு எல்லாம் கணக்கில் ஏறின. தோட்டம் மாற வேண்டுமானால், கடன் இவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேண்டும். அந்தக் கடனைக் கொடுக்கும் துரையிடந்தான் அடுத்த வேலை. கடன் தீராது, கைமாறும். இந்தத் துண்டு முறை 1921ல் சட்டப்படி ஒழிந்தது.

தொழிலாளிக்கு ஒழிந்த துண்டு, பின்னாளில் தேசத்தின் கழுத்தில் விழுந்தது! 2022 ஏப்ரல் 12ந் தேதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று இலங்கை அறிவித்தது. கடன் சுமார் 5,100 கோடி டாலர். எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசை. பால்மா இல்லை, மருந்து இல்லை. மன்னாரிலிருந்து கைக்குழந்தைகளோடு ஜனங்கள் தனுஷ்கோடிக்குப் படகேறி வந்தார்கள். ஜூலை 9ந் தேதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். சில நாட்களில் கோத்தபாய ராஜபக்சே நாட்டை விட்டே ஓடினார்.

ஒரு குடும்பத்தின் குற்றம் மட்டுமா இது? இல்லை. தேயிலையை விற்று எண்ணெயும் மருந்தும் வாங்கும் ஏற்பாடு வெள்ளைக்காரன் வைத்துப் போனது. ஆடைத் தொழிலும், சுற்றுலாவும், அரபு நாடுகளில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அனுப்பும் பணமும் பின்னால் சேர்ந்தன. அப்படியும் போதாத டாலருக்குக் கடன் பத்திரம் விற்றார்கள். வட்டி கட்ட மீண்டும் கடன் வாங்கினார்கள். 2019ல் வரிகளை வெட்டிக் கஜானாவைக் காலி செய்தார்கள். 2021ல் திடீரென்று இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். நெல்லும் தேயிலையும் அடி வாங்கிய பிறகே அந்தத் தடையை விலக்கினார்கள்.

சரி, இந்தக் கடனைக் கட்டுவது யார்? 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் தர ஒப்பியது. கூடவே வரி உயர்ந்தது, மின்கட்டணம் உயர்ந்தது. அதே ஆண்டு உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, வங்கிகளிடம் இருந்த ரூபாய்க் கடன் பத்திரங்களைத் தொடவில்லை. தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதியத்தின் வட்டியில் கை வைத்தார்கள். வாங்கியவன் ஒருவன், கட்டுகிறவன் வேறொருவன்! கங்காணிக் கணக்குக்கும் இதற்கும் என்ன பேதம்?

ஆயினும் நாங்கள் நம்பிக்கை இழக்கவில்லை. 2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225ல் 159 இடங்களைப் பெற்றது. சிங்களர் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்திலும் நுவரெலியாவிலும் தமிழரும் திரளாக வாக்களித்தார்கள். இது சாதாரண விஷயமல்ல. ஏனெனில் 1948ல், எங்கள் மக்கள் லட்சக்கணக்கானோரின் பிரஜாவுரிமையைப் பறித்த நாளிலிருந்தே அந்நாட்டின் உழைப்பாளர் ஒற்றுமை உடைக்கப்பட்டது. உடைந்த ஒற்றுமையின் மீதுதான் 1983ம், 2009 வரை நீண்ட யுத்தமும் வந்தன. யுத்தத்திற்கும் கடன்தான்!

ஆனால் ஆட்சி மாறியும் நிதியத்தின் நிபந்தனைகள் தொடர்ந்தன. எனவே வாக்களித்ததோடு வேலை முடியவில்லை. அபிவிருத்தி என்று நாங்கள் எதைச் சொல்கிறோம்? கொழும்பின் உயர்ந்த கட்டிடங்களையா? பத்தடி லயன் காம்பராவில் வாழும் குடும்பத்துக்குச் சொந்த நிலமும் வீடும் வருமானால் அதுதான் அபிவிருத்தி. நாட்கூலி 1,000 ரூபாய் என்று 2021ல் ஆவதற்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்த நிலைமை மாறினால் அது அபிவிருத்தி. 2025 நவம்பரில் டித்வா புயல் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, அப்போது மலை சரிந்து மண்ணில் புதைந்தவர்களுக்கு எங்கே பாதுகாப்பான இடம் இருந்தது? பால், மருந்து, உரம் இவற்றை நாட்டிலேயே ஆக்குங்கள். கடன் கொடுத்தவர்களும் நஷ்டத்தில் உரிய பங்கை ஏற்கட்டும்.

தோழர்களே! 2022ல் தமிழகம் அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியதை அந்த மக்கள் மறக்கவில்லை. இனியும் உங்கள் குரல் வேண்டும். இதே மாவட்டத்தில் உச்சப்பட்டி, ஆனையூர், திருவாதவூர் முகாம்களில் வாழ்வோரில் திரும்ப விரும்புகிறவர்கள் கௌரவமாகத் திரும்பட்டும். இங்கே இருக்க விரும்புகிறவர்கள் பிரஜைகளாக இருக்கட்டும்.

எங்கள் பாட்டன் துண்டோடு போனான். எங்கள் பேரப்பிள்ளைகளின் நாடு துண்டில்லாமல் நிமிரட்டும்! சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் சேர்ந்து நின்றால் அது நடக்கும். நடந்தே தீர வேண்டும்!