அரை ஏக்கர்ப் பூந்தோட்டமும் மயிலாப்பூர்ச் சந்தையும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



“பூ விற்ற காசு மணக்குமா?” என்று நம் முன்னோர் கேட்டனர். காசு மணக்காது என்பது உண்மையே. ஆயினும் அது நாள்தோறும் கைக்கு வருகின்ற காசு. நெல் பயிரிட்டவர் நான்கு திங்கள் காத்திருக்கிறார். கரும்பு பயிரிட்டவர் ஓராண்டு காத்திருக்கிறார். மல்லிகை பயிரிட்டவரோ விடியற்காலையில் பறித்ததை அன்று காலையிலேயே பணமாக்குகிறார். அரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் மட்டுமே உடைய குடும்பத்துக்கு இது சிறிய நன்மையன்று. அத்தகைய குடும்பம் பூந்தோட்டத்தைக் கொண்டு பிழைக்க இயலுமா, இயலுமாயின் எவ்வாறு என்பதனையே இன்று நாம் ஆராய வேண்டும்.

முதலில் சந்தையைப் பார்ப்போம். சென்னையின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் பூ இல்லாமல் ஒரு நாளும் விடிவதில்லை. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளில் பூக்கடைகள் வரிசையாக உள்ளன. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளாகிய அறுபத்துமூவர் திருநாளில் அங்கே கூடும் கூட்டத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஆடித் திங்களில் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்கும் கோலவிழி அம்மன் கோயிலுக்கும் மாலைகள் குவிகின்றன. தியாகராய நகரில் வேங்கடநாராயணா சாலையில் உள்ள பெருமாள் கோயிலும் கல்யாண மண்டபங்களும் பூவுக்குக் காத்திருக்கின்றன. அடையாற்றின் குடியிருப்புகளில் பூக்காரம்மா நாள்தோறும் வீட்டு வாயிலில் பூ வைத்துவிட்டு மாதக் கணக்கில் பணம் பெறும் வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை.

இந்தப் பகுதிகளும் ஒரு காலத்தில் ஏரியும் தோட்டமுமாக இருந்தவையே. இன்றைய தியாகராய நகரின் பெரும்பகுதி 1920-களில் தூர்க்கப்பட்ட ஏரி நிலமாகும். கதீட்ரல் சாலையில் 1835-இல் தோன்றிய தோட்டக்கலைச் சங்கத்தின் பெயரும், 2010-இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவும் அந்தப் பசுமையை நினைவூட்டுகின்றன. இன்று அங்கே பூந்தோட்டம் போட நிலம் இல்லை. பூச்சூடுவோர் நகரத்தில் இருக்கின்றனர். பூ பூக்கும் நிலம் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களில் உள்ள நம் கிராமங்களில் இருக்கின்றது.

நமக்குப் போட்டியாளர் பலர் உண்டு. நிலக்கோட்டையிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் மல்லிகை வருகின்றது. ஓசூரிலிருந்து ரோஜா வருகின்றது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்தப் பெயரை நாம் பயன்படுத்த இயலாது. ஆனால் அப்பூக்கள் நெடுந்தொலைவு கடந்து வர வேண்டும். நாம் விடியற்காலையில் பறித்த மொட்டு காலை பூசைக்குப் பின் கடை விரிக்கும் நேரத்திலேயே மயிலாப்பூரை அடைந்துவிடும். மாலையில் அது பெண்களின் கூந்தலில் விரியும். “இன்று பறித்த பூ” என்பதே நமது குறியீடு. அண்மையே நமது முதல்.

இனி, எதைப் பயிரிடுவது? அரை ஏக்கர் முழுவதும் குண்டுமல்லியே வைப்பது அறிவுடைமை ஆகாது. குண்டுமல்லி பங்குனி முதல் ஆனி வரை கொட்டிப் பூக்கும். அப்போது எல்லாரிடமும் பூ இருக்கும், விலை சரியும். மார்கழி, தை மாதங்களில் விலை ஏறும். அப்போது செடியில் பூ இராது. ஆகவே ஐம்பது சென்ட் நிலத்தை இவ்வாறு பகுத்துக் கொள்ளலாம்: 25 சென்ட் குண்டுமல்லி, 10 சென்ட் கனகாம்பரம், 10 சென்ட் துலுக்கச் சாமந்தி, எஞ்சிய 5 சென்ட்டில் துளசியும் மருவும் அரளியும். வரப்போரம் வாழை வைத்தால் பூக்கட்ட நாரும், பொட்டலம் கட்ட இலையும் வீட்டிலேயே கிடைக்கும். 2019 சனவரி முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டுள்ளமையால், வாழையிலைக்கு முன்னினும் மதிப்பு உண்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள கோ.1 நட்சத்திர மல்லிகை ஆண்டு முழுவதும் பூக்கக் கூடியது. குண்டுமல்லி ஓய்ந்திருக்கும் குளிர்காலத்துக்காக அதனை ஒரு சில பாத்திகளில் வைத்துப் பார்ப்பதும் நன்று.

குண்டுமல்லிக்கு நீர் தேங்காத செம்மண் கலந்த மணற்பாங்கான நிலம் ஏற்றது. இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தின் வேர்விட்ட பதியன்கள் தமிழகமெங்கும் பெயர் பெற்றவை. ஓரடி ஆழ அகலமுள்ள குழி தோண்டி, 1.25 மீட்டர் இடைவெளியில் நட வேண்டும். இக்கணக்கின்படி 25 சென்ட்டில் ஏறத்தாழ 640 செடிகள் கொள்ளும். செடி ஒன்றுக்கு ஆண்டுதோறும் 10 கிலோ தொழு உரமும், ரசாயன உரமாக 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல் சத்தும் தேவை. ரசாயன உரத்தைக் கடையில் வாங்கும் பொருளாகச் சொன்னால், சுமார் 130 கிராம் யூரியா, 750 கிராம் சூப்பர் பாஸ்பேட், 200 கிராம் பொட்டாஷ். இவற்றை இரண்டாகப் பகுத்து, நவம்பரில் கவாத்து முடிந்ததும் ஒரு பகுதியும், ஜூன், ஜூலை மாதங்களில் மறு பகுதியும் இடுதல் முறை.

கவாத்தைப் பற்றிச் சிலர் தயங்குகின்றனர். பச்சைச் செடியை வெட்ட மனம் வராது. ஆனால் மல்லிகை புதுத் தளிரில்தான் மொட்டு விடும். நவம்பர்க் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டிவிட்டால்தான் பங்குனியில் செடி பூத்துக் குலுங்கும். இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தால் குணம் தெரியும். கடற்கரை ஓரத்தில் உள்ளோர், நடுவதற்கு முன்பே கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்துக்கொள்வது அவசியம். உப்பு நீரில் வைத்த மல்லிகைக்குப் பின்னர் எந்த உரம் இட்டும் பயன் இல்லை.

கனகாம்பரத்துக்குப் பெரும் பகை வேரைத் தாக்கும் நூற்புழுவாகும். துலுக்கச் சாமந்தியின் வேரோ அந்தப் புழுவை அடக்கும் இயல்புடையது. ஆதலால் முதலில் சாமந்தி, அடுத்து அதே நிலத்தில் கனகாம்பரம் என்று மாற்றி மாற்றிப் பயிரிடுவது மருந்துச் செலவைக் குறைக்கும். மேலும், ஆயுத பூசைக்குச் சாமந்தி வேண்டுமென்றால், விழா நாளிலிருந்து மூன்று மாதம் பின்னோக்கி எண்ணி விதை விட வேண்டும். நாற்றங்காலில் ஒரு மாதம், நட்ட பின் பூக்க இரண்டு மாதம் என்பது கணக்கு. பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு விதைப்பவரே பூவில் பிழைப்பார்.

பூச்சி மருந்தைப் பற்றி ஒரு சொல். நம் பூவை ஒரு பெண் தலையில் சூடிக்கொள்கிறாள். குழந்தை முகர்ந்து பார்க்கிறது. பறிப்பவர்களின் விரல்கள் நாள் முழுதும் மொட்டிலேயே தோய்கின்றன. மொட்டுப்புழுவுக்கு அஞ்சிக் கடும் நஞ்சைத் தெளித்து மறுநாளே பறித்து விற்பது முறையன்று. உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கி அழிப்பதும், 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதும் முதலில் செய்ய வேண்டியவை. அதற்கும் அடங்காவிடில் தோட்டக்கலை அலுவலரைக் கேட்டு, பறிப்புக்கு இடையே விட வேண்டிய நாட்களை அறிந்து நடத்தல் வேண்டும்.

வருமானத்துக்கு வருவோம். நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்கு 8,750 கிலோ குண்டுமல்லி கிடைக்கும் என்பது பல்கலைக்கழகத்தாரின் கணக்கு. அவ்விதமாயின் நம் 25 சென்ட்டில் ஆண்டுக்குச் சுமார் 880 கிலோ. ஆனால் இந்த மகசூல் நட்ட ஆண்டிலேயே வாராது. மூன்றாம் ஆண்டிலிருந்துதான் செடி முழுப் பயன் தரும். அதன் பின் பத்து, பதினைந்து ஆண்டுகள் வரை தோட்டம் நிற்கும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சாமந்தியும் கனகாம்பரமுமே அடுப்பை எரிய வைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மார்கழியில் ஒரு நாள் விற்ற உச்ச விலையை 880 கிலோவால் பெருக்கி மனக்கோட்டை கட்டிவிடக் கூடாது. பெரும்பாலான பூ விலை சரிந்த மாதங்களில்தான் பூக்கிறது. சாகுபடிச் செலவில் பெரும்பங்கு உரமும் அன்று, நீரும் அன்று, பறிகூலியே. ஒரு கிலோ எடைக்கு ஆயிரக்கணக்கான மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். ஆகையால் ஒரு கிலோ பறித்துச் சந்தை சேர்க்க ஆகும் செலவு எவ்வளவு என்ற ஓர் எண்ணை ஒவ்வொரு வீட்டிலும் நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். சந்தை விலை அந்த எண்ணைத் தொடும் நாளில் உதிரிப் பூவாக விற்பதை விட்டு, வீட்டாரே கட்டிச் சரமாக்கி விற்பது மேல். மண்டியில் கிலோவாகப் போகும் பூ, மாட வீதியில் முழமாக விற்கிறது. அந்த இரண்டுக்கும் இடையிலே இருப்பது பெண்களின் கைத்திறன். அதன் பயன் நம் ஊர்ப் பெண்களுக்கே கிடைக்கும்படி செய்ய இயலாதா?

முன்னாளில் ஜார்ஜ் டவுனின் பத்ரியன் தெரு பூ வாணிபத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. 1996-இல் கோயம்பேட்டில் மொத்த விற்பனை அங்காடி திறக்கப்பட்ட பின் பெருவணிகம் அங்கு சென்றது. மண்டி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கொட்டிப் பூக்கும் நாளில் அத்தனை பூவையும் ஏற்க அதுவே வல்லது. ஆனால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், அவர் சொன்ன விலைக்கே பூவைக் கொடுக்கும்படி நேர்கிறது. முன்பணம் என்பது பூக்கும் முன்னரே விற்றுவிட்ட பூ. அவசரத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தையும் மகளிர் குழுவையும் நாடுவதே தற்காப்பாகும்.

ஒரே சந்தையை நம்புவதன் கேட்டினை 2020-ஆம் ஆண்டு காட்டியது. மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது, பங்குனி விழாக் காலத்தில் கோயில்கள் மூடிக் கிடந்தன, திருமணங்கள் சுருங்கின, மே மாதத்தில் கோயம்பேடு அங்காடியும் மூடப்பட்டது. குண்டுமல்லி கொட்டிப் பூக்கும் பருவமும் அதுவே. ஆகவே மகசூலில் ஒரு பங்கு மண்டிக்கு, ஒரு பங்கு மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பூக்கடைகள் நாலைந்துக்கு, ஒரு பங்கு அடையாறு போன்ற இடங்களின் குடியிருப்புகளுக்கு மாதக் கணக்கில் என்று மூன்று வாயில்களைத் திறந்து வைத்திருப்பதே பாதுகாப்பு.

வானமும் நம்மைச் சோதிக்காமல் இல்லை. 2015 டிசம்பரில் பெருவெள்ளம். 2016 டிசம்பரில் வர்தா புயல். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்ட கொடுமை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மல்லிகை தேங்கிய நீரைத் தாங்காது; வறட்சியில் மொட்டு விடாது. ஆதலால் மேட்டுப்பாத்தியும் வடிகாலும் ஒருபுறம், சொட்டுநீர்ப் பாசனம் மறுபுறம் இரண்டும் வேண்டும். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் ஏனையோருக்கு 75 விழுக்காடும் அரசு அளிக்கிறது. சிறு விவசாயிச் சான்றிதழைப் பெற்று விண்ணப்பிப்பது நம் கடமை.

இனிப் பஞ்சாயத்தின் பங்கு. தனி உழவரால் ஆகாதவை சில உண்டு. அவற்றைக் கிராம சபையில் வைத்து முடிவு செய்யலாம்.

முதலாவது, வரத்துக் கால்வாய். மனைப்பிரிவு வரும் இடத்தில் முதலில் மறைவது வாய்க்காலே. ஏரிக்கு நீர் வரும் வழியையும் வயல் நீர் வடியும் வழியையும் காப்பது உறுப்பினர்களின் கடமை.

இரண்டாவது, வண்டி. பத்துப் பேர் பத்து மூட்டையோடு பத்துப் பேருந்து ஏறுவதைக் காட்டிலும், பத்துத் தோட்டத்துப் பூவும் ஒரே சிற்றுந்தில் போவது செலவையும் தாமதத்தையும் குறைக்கும். முத்திரையிட்ட தராசு ஒன்றை ஊர்ப் பொதுவில் வைத்துப் பூவை இங்கேயே எடை போட்டு அனுப்பினால் எடைக் குறைவு பற்றிய வழக்கும் எழாது.

மூன்றாவது, பூக்கட்டும் பெண்களுக்கு நிழலும் வெளிச்சமும் உள்ள ஓர் இடம். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு முறை இன்று ஊர்தோறும் பரவியிருக்கிறது. சமுதாயக் கூடத்தின் ஒரு பகுதியைக் காலை நேரத்தில் குழுவினருக்கு விட்டால் போதும்.

இறுதியாக ஒன்று. 2011-இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது 25 கிராமப் பஞ்சாயத்துகள் அதனுள் சேர்ந்தன. நகரம் இன்னும் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. நிலத்தை மனையாக விற்றால் பெருந்தொகை ஒரு முறை வரும். விற்பதும் விடுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் தோட்டத்தால் பிழைக்க வழியில்லை என்ற காரணத்தால் மட்டும் எவரும் விற்க நேரக் கூடாது. பயிரைப் பகுத்து வைத்து, கணக்கை எழுதி வைத்து, சந்தைக்குக் கூட்டாகச் சென்றால் அரை ஏக்கரும் ஒரு குடும்பத்தைத் தாங்கும். அடுத்த கிராம சபைக்கு வரும்போது நம் ஊரில் எத்தனை குடும்பங்கள் பூப் பயிரிடுகின்றன, அவர்களிடம் எத்தனை சென்ட் உள்ளது, நாளொன்றுக்கு எத்தனை கிலோ வெளியே போகிறது என்ற பட்டியலோடு வருவோம். வேலை அதிலிருந்து தொடங்கட்டும்.