நாயின் மூட்டு வீக்கம்: வைத்தியரிடம் செல்லவேண்டிய தருணம்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடனையும் தவணையையும் பற்றியே பேசும் நான் இன்று நாயைப்பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். காசிமேட்டில் வலையையும், எண்ணூரில் பட்டறையையும், திருவொற்றியூரில் வீட்டையும் இரவில் காப்பது நாயன்றோ? அதன் மூட்டு வீங்கி நொண்டினால், தானே சரியாகுமென்று விட்டுவிடுகிறோம். அல்லது சூடு போடுகிறோம். அல்லது நமது வலி மாத்திரையைச் சோற்றில் வைத்துக் கொடுக்கிறோம். மூன்றும் தீங்கே.

மூட்டு வீக்கம் தனி வியாதியன்று. பல வியாதிகளின் அடையாளம். அவற்றுள் முக்கியமானவை நான்கு.

முதலாவது, அடி. துறைமுக லாரிகள் ஓயாது ஓடும் நம் சாலைகளில் சுளுக்கும் எலும்பு முறிவும் சகஜம்.

இரண்டாவது, சீழ். நாய்க்கடியாலோ ஆணியாலோ மூட்டருகே உண்டான புண் வெளியே ஆறினாற்போலிருந்தும், கிருமி உள்ளே சென்று சில தினங்களில் மூட்டையே அழித்துவிடக்கூடும்.

மூன்றாவது, சென்னையில் அடிக்கடி காணும் உண்ணிக் காய்ச்சல். எர்லிச்சியா என்னும் கிருமி உண்ணிக் கடியால் இரத்தத்தில் புகுகிறது. ஜுரம், உணவில் வெறுப்பு, நொண்டல், சில சமயம் மூக்கில் இரத்தம் ஆகியவை காணும். வைத்தியர் டாக்சிசைக்ளின் மருந்தைப் பொதுவாக நான்கு வாரம் கொடுக்கச் சொல்வார். நாய் தேறியதென்று நடுவில் நிறுத்தலாகாது. உண்ணி சுவர் வெடிப்புகளில் முட்டையிடுவதால் வீட்டையும் சுத்தம் செய்யவேண்டும்.

நான்காவது, வயது முதிர்ந்த நாய்க்கு வரும் வாதம். இது காலையில் எழும்போது அதிகமாய்த் தெரியும். உடல் பருத்தால் மிகும்.

இலேசாக நொண்டினாலும் நன்றாய்த் தின்னும் நாயை ஒருநாள் கட்டிவைத்து ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். மறுநாளும் குணமில்லையேல் வைத்தியரிடம் காட்டுக. கால் ஊன்றாமை, வீக்கத்தில் சூடு, மூட்டருகே புண், ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகளில் வீக்கம், உணவு கொள்ளாமை, 103 டிகிரிக்கு மேற்பட்ட ஜுரம் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அன்றைக்கே செல்லவேண்டும். நாயின் இயல்பான உஷ்ணமே 101 முதல் 102.5 டிகிரி வரை உண்டு. ஆகையால் கையால் தொட்டுப் பார்த்து ஜுரமென்று தீர்மானித்தல் தவறு.

பாரசிட்டமால், இபுப்ரோபென், டைக்ளோபினாக் முதலிய மனித மருந்துகளைக் கொடுக்கவே கூடாது. அவை நாயின் வயிற்றையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும்.

வலியுள்ள நாய் வளர்த்தவரையும் கடிக்கும். ஆதலால் வாயைத் துணியால் கட்டி, பலகையில் கிடத்தித் தூக்குக. மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டலாகாது. கடிபட்டவர் புண்ணைச் சோப்பும் நீருமாகப் பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

1903-ல் ஏற்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. இராயபுரத்துக்கு அது தூரமன்று. ஒருநாட் கூலி போகுமேயென்று தயங்கி, ஒரு காலை இழந்த நாயை ஆயுள் முழுவதும் பார்த்திருப்பானேன்? வண்டிச் சத்தம் ஒருவருக்குப் பாரமானால் தெருவார் நால்வர் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவருக்கு எல்லோரும் துணை என்பதன்றோ நம் சங்கத்தின் கொள்கை!