கொலஸ்ட்ரால் மாத்திரையும் ஆண்மைப் பயமும்



ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் தேக்காப் பக்கம் கூடும் நம் ஆட்களிடையே ஒரு பேச்சு அடிபடுகிறது. ஜொகூர் பாலம் கடந்து இங்கே வேலைக்கு வரும் பிள்ளைகள் அதைத் தோட்டத்திலுள்ள தகப்பனாரிடமும் கொண்டு போய்ச் சேர்க்கிறார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் ஆண்மை போய்விடுமாம். கேட்டவர் வெட்கத்தால் யாரிடமும் விசாரிப்பதில்லை. மாத்திரையை மட்டும் இரகசியமாக நிறுத்திவிடுகிறார். ஆகவே இதைக் குடும்பத்தோடு இருந்து கேட்கும்படியே இன்று பேசிவிடுவோம்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆண் தன்மையைத் தரும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு நீர் விதைகளில் உண்டாகிறது. அதற்கு மூலப்பொருளே கொலஸ்ட்ரால்தான். சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மாத்திரைகளோ ஈரலில் கொலஸ்ட்ரால் உண்டாவதைத் தடுக்கின்றன. மரத்தில் பால் குறைந்தால் ரப்பர் ஷீட்டும் குறையும் அல்லவா என்று பால் வெட்டுகிறவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

மருத்துவர்கள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நடுத்தர வயது ஆண்களிடம் நடந்த 5 சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது மெய்தான், சராசரியாக 0.66 அலகு. சுகமான ஆணிடம் அதே அலகில் ஏறத்தாழ 10 முதல் 30 வரை இருக்கும். விதைகள் தமக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தாமே செய்துகொள்ளவும் வல்லவை. 2014இல் 11 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஸ்டாடின் சாப்பிட்டவர்களின் தாம்பத்திய ஆற்றல் முன்னைவிடக் கூடியிருந்தது! விந்தணுக்களைப் பற்றிய ஆய்வுகள் சிறியவை. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. குழந்தைக்காகக் காத்திருக்கும் இளைஞர் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஆற்றல் ஏன் கூட வேண்டும்? ஆண்குறிக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் இருதயத்துக் குழாயைவிடக் குறுகலானது. கொழுப்பு படியத் தொடங்கினால் அடைப்பு முதலில் அங்கே தெரியும். ஆகவே 'முன்போல் இல்லை' என்று ஒருவர் உணர்வது, சில ஆண்டுகள் கழித்து வரப்போகும் மாரடைப்புக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். சர்க்கரை வியாதி, சிகரெட், சம்சு, சில இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் இவற்றாலும் இக்குறை வரும். பழியோ கொலஸ்ட்ரால் மாத்திரையின் தலையில் விழுகிறது.

மாரடைப்பை நம்மவர் இலேசாக எண்ணிவிட முடியாது. சிங்கப்பூரில் 9,568 பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, டாக்டர் டி. ஜே. தனராஜும் அவருடைய குழுவினரும் 1959இலேயே எழுதினார்கள்: இருதயக் குழாய் நோய் சீனர்களைவிட இந்தியர்களிடம் ஏறத்தாழ 7 மடங்கு. இருதய நோய் கண்டவர் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் என்ன ஆபத்து என்பதை இதற்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

மாத்திரையை நிறுத்தியவர் அடுத்து என்ன செய்கிறார்? ஆண்மைக்கென்று ஒட்டுக்கடையில் இரகசியமாக விற்கும் குளிகையை வாங்குகிறார். 2008ஆம் ஆண்டு ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில், சர்க்கரை வியாதியே இல்லாத 150 பேர் சிங்கப்பூரின் 5 அரசாங்க மருத்துவமனைகளுக்கு இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டார்கள். ஒருவர் தவிர எல்லோரும் ஆண்கள். பலர் ஆண்மைக் குளிகை சாப்பிட்டதை ஒப்புக்கொண்டார்கள். குளிகைகளைச் சோதித்தபோது, சர்க்கரை நோயாளிக்குத் தரும் கிளிபென்கிளமைட் மருந்து அவற்றில் மிகுதியாக இருந்தது. 7 பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள். 4 பேர் மாண்டார்கள். அவர்கள் வீடுகளில் அந்தக் குளிகையைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஆகவே, தாம்பத்தியக் குறை இருந்தால் பலதுறை மருந்தகத்திலோ தோட்டத்து மருந்தகத்திலோ வெளிப்படையாகச் சொல்லுங்கள். மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ மருத்துவருக்கு வழியுண்டு. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை தொடங்கியபின் தசைகள் கடுமையாக வலித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ அன்றைக்கே போங்கள். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: கணவரின் மாத்திரையை நீங்கள் எடுத்துச் சாப்பிட வேண்டாம். உங்களுக்கே மருத்துவர் ஸ்டாடின் கொடுத்திருந்தால், கர்ப்பம் தரிக்க எண்ணும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.