காசின் எண்ணும் கண்ணின் தீர்ப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் இலக்கியம் பேச வல்லார் பலர் உளர். எனக்கு இட்ட பணியோ காசைப் பற்றிப் பேசுவது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்குக் காசின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. எனினும், செலவிடும் காசு வேறு. சேர்த்து வைக்கும் பழங்காசு வேறு. நம் குடியிருப்பில் இளைஞர் சிலர் பழைய வெள்ளி ரூபாய்களை விலை கொடுத்து வாங்கத் தொடங்கியுள்ளனர். ஊரிலிருந்து வந்த பெட்டியின் அடியில் பாட்டிமார் முடிந்து வைத்த ரூபாய்களும் சில இல்லங்களில் உள. ஆதலின், பழங்காசைத் தேர்வது எவ்வாறு என்று சில சொல்ல விழைகின்றேன்.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-ஆம் ஆண்டில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் ரூபாய் நிக்கலாயிற்று. வெள்ளியே வேண்டுமெனில் நிறுத்து வாங்கிவிடலாம். சேகரிப்போர் அதற்கு மேலும் கொடுப்பது இரண்டு காரணங்களால்: ஒன்று, காசின் அருமை, மற்றொன்று, அதன் நிலை.

அந்நிலையைக் குறிக்கவே தர எண் தோன்றிற்று. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் என்பார், தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காக 1949-இல் 1 முதல் 70 வரை ஓர் அளவை வகுத்தார். தேய்ந்து அடையாளம் மட்டும் தெரியும் காசைப்போல் எழுபது மடங்கு விலையைக் குறையற்ற காசு பெறும் என்பது அவர் கணக்கு. அந்த விலைக் கணக்கு நிலைக்கவில்லை. எண் மட்டும் நிலைத்துவிட்டது. 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. என்னும் நிறுவனங்கள் தோன்றி, காசை ஆய்ந்து, எண் இட்டு, ஒளி ஊடுருவும் பெட்டியில் முத்திரையிட்டுத் தருகின்றன. காசு மெய்யா பொய்யா என்னும் ஐயம் பெரிதும் நீங்குவது இதனால் விளைந்த நன்மை. ஆயினும் போலிப் பெட்டிகளும் உலவுகின்றன. பெட்டியில் உள்ள சான்று எண்ணை அந்நிறுவனத்தின் பதிவோடு ஒத்துப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும்.

அன்பர்களே! எண் என்பது வல்லுநரின் கருத்து; தராசு காட்டும் நிறை அன்று. ஒரே காசு இருமுறை சென்றால் இருவேறு எண் பெறுவதும் உண்டு. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாய் இரண்டு நம் முன் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று எம்.எஸ். 62; புழக்கத்திற்கே வராதது. மற்றொன்று ஏ.யு. 58, சிறிதே புழங்கியது. எண்ணில் முன்னது உயர்ந்தது. விலையும் பெரும்பாலும் மிகுதி. ஆனால் சாக்குப் பைகளில் பிற காசுகளோடு உராய்ந்து, மன்னர் கன்னமெல்லாம் கீறல் விழுந்திருக்கக் கூடும். பின்னதிலோ முடியின் உச்சியிலும் புருவத்திலும் மெல்லிய தேய்வு மட்டுமே, முகம் தூயது. குறைந்த விலையில் அழகிய காசு வேண்டுவோர் பின்னதைத் தயங்காது கொள்ளலாம்.

அழகைக் காண நான்கு குறிகள் உள்ளன. அச்சு ஆழமாக விழுந்துள்ளதா? ஒற்றை விளக்கின் கீழ்க் காசைச் சாய்த்துத் திருப்பினால், ஒளி சக்கரத்தின் ஆரம்போல் சுழல்கின்றதா? கீறல் முகத்தில் உள்ளதா, ஓரத்தில் உள்ளதா? காலத்தால் படிந்த நிறம் சீராக உள்ளதா, கறையாகத் திட்டுத் திட்டாக உள்ளதா? இந்நான்கும் நன்றாயின், எண் ஒன்றிரண்டு குறைந்தாலும் கவலை இல்லை. சிறந்த தோற்றமுடைய காசுக்கு என்.ஜி.சி. நிறுவனமே எண்ணின் பக்கத்தில் ஒரு விண்மீன் குறி இடுகின்றது. எண் வேறு, எழில் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, எப்போது பொறுப்பது, எப்போது இணங்குவது? 1918-ஆம் ஆண்டு ரூபாயை எடுத்துக்கொள்வோம். உலகப் போரினால் வெள்ளித் தேவை பெருகிற்று. அமெரிக்கா அவ்வாண்டு ஒரு சட்டம் இயற்றி, ஏறத்தாழ 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கிற்று. அவ்வெள்ளியின் பெரும்பகுதி இந்தியாவின் தேவைக்கெனப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. அந்நாளைய ரூபாய்கள் கோடிக்கணக்கில் அச்சானவை. இன்றும் எளிதில் கிடைப்பவை. இத்தகைய காசில் குறையுள்ளதை ஏற்க வேண்டுவதில்லை. அழகியது வரும் வரை பொறுக்கலாம்.

1911-ஆம் ஆண்டு ரூபாயின் கதை வேறு. மன்னர் அங்கியில் இருந்த யானை உருவம், துதிக்கை குறுகிப் பன்றிபோல் தோன்றியமையால் மக்கள் மனம் வருந்தினர். அரசு காசுகளைத் திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டே உருவத்தைத் திருத்திற்று. மிச்சம் குறைவு. இங்கே சிறு குறையைப் பொறுத்தல் தகும். எனினும் தேய்த்துக் கெடுத்ததை மட்டும் விலக்குக.

செலவைப் பற்றி ஒரு சொல். கடைக்குச் செல்லுமுன்பே தொகையை வரையறுத்துவிடுக. ஏலமாயின், கேட்ட விலையின்மேல் தரகும் வரியும் சேரும். விற்கும்போது வாங்கிய விலை வரும் என்னும் உறுதி எவர்க்கும் இல்லை. ஆகையால் பிள்ளைகளின் கல்விக்கும் மருந்துக்கும் வைத்த பணத்தை இதில் இடுதல் கூடாது. பத்துக் காசு எளியதாக வாங்குவதினும், மனம் நிறையும் ஒன்றை வாங்குதல் சிறப்பு.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பூசை நாளில் வெள்ளியைத் திருநீறாலும் புளியாலும் துலக்குவது நம் வழக்கம். குத்துவிளக்குக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது பொருந்தும், பழங்காசுக்குப் பொருந்தாது. தேய்த்த காசில் மயிரிழை போன்ற கோடுகள் விழும். தரம் காணும் நிறுவனங்கள் அதற்கு எண் இடாது, துலக்கப்பட்டது என்று எழுதிவிடும். பாட்டியின் ரூபாய் கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். விளிம்பைப் பற்றி எடுத்துக் காட்டுங்கள்.

இன்னொன்றும் அறிதல் நன்று. நூறாண்டு கடந்த காசு, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதனைத் தனியார் அயல்நாட்டிற்கு அனுப்புதல் ஆகாது. எண் பெறுவதற்காகவும் அனுப்பலாகாது. ஆகவே, வீட்டுக் காசுக்கு எண் இல்லையே என்று ஏங்க வேண்டா. யார் உழைத்தது, யார் காத்தது என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். நம் பிள்ளைகள் பிறந்த மண் வேறாயினும், தம் முன்னோர் கையில் இருந்ததைத் தம் கையில் ஏந்துவர். அதற்கு விலை கூறும் நிறுவனம் எதுவும் இல்லை.